பொருள் மட்டும் ஒளிர்வதில்லை

பெரோவ்ஸ்கைட் ஒளி உமிழிகளைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே திசையில் பார்க்கிறார்கள். படிகத்தின் வேதியியலைச் சீராக்க வேண்டும், அதன் குறைகளை அடைக்க வேண்டும், மேற்பரப்பில் தகுந்த மூலக்கூறுகளை ஒட்ட வேண்டும். அதன்பின் வெளிச்சம் தானாகக் கூடிவிடும் என்பது அவர்கள் கணக்கு. உமிழும் பொருளைச் சூழ்ந்திருக்கும் கட்டமைப்பு, அதாவது ஒளியின் அலைநீள அளவிலேயே அடுக்கப்பட்ட ஆடிகளும் நுண்குழிகளும் வரிப்பள்ளங்களும், அவர்களுக்குப் பிற்பாடு பார்த்துக்கொள்ளும் விஷயம். வீடு கட்டி முடித்தபின் அடிக்கும் வெள்ளையைப் போல. அப்படியே அந்தக் கட்டமைப்பு தேவைப்பட்டாலும் டைட்டானியம் ஆக்சைடு, சிலிக்கா போன்ற கெட்டியான ஆக்சைடுகளில்தான் அதைச் செய்ய முடியும், பாலிமர் அதற்கு லாயக்கில்லை என்ற தீர்ப்பும் கூடவே வரும். இந்த இரண்டு எண்ணங்களையும் மறுக்கவே இதை எழுதுகிறேன். ஒளி உமிழ்வு என்பது பொருளும் அதன் சுற்றுப்புறமும் சேர்ந்து செய்யும் காரியம். பெரோவ்ஸ்கைட்டைப் பொறுத்தவரை, அந்தச் சுற்றுப்புறத்தைக் கட்டுவதற்கு மிகப் பொருத்தமானவை கைக்கெட்டும் விலையில் கிடைக்கிற சாதாரண பாலிமர்கள்தாம்.

முதலில் வேதியியலாளர்களுக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். 1839-இல் யூரல் மலைப்பகுதியிலிருந்து கிடைத்த கால்சியம் டைட்டனேட் கனிமத்துக்கு, ஜெர்மானியரான குஸ்டாவ் ரோஸ், லெவ் பெரோவ்ஸ்கி என்ற ரஷ்யரின் பெயரைச் சூட்டினார். அதே படிக அமைப்பு கொண்ட பொருள்கள் அனைத்தும் இன்று அந்தப் பெயரால்தான் வழங்குகின்றன. அவற்றுள் காரீயமும் அயோடைடு, புரோமைடு, குளோரைடு ஆகிய ஹாலைடுகளும் சேர்ந்த வகையைப் பற்றியதே இங்கே நம் பேச்சு. 2009-இல் ஜப்பானில் சுட்டோமு மியாசாகாவின் குழு இதைச் சூரிய மின்கலத்தில் வைத்தபோது கிடைத்த திறன் 3.8%. 2014-இல் கேம்பிரிட்ஜ் குழு அறை வெப்பநிலையிலேயே பெரோவ்ஸ்கைட் எல்இடியை ஒளிர வைத்தது. அன்று அதன் வெளிக் குவாண்டம் திறன், அதாவது செலுத்திய எலக்ட்ரான்களுக்கு ஈடாக வெளியே வரும் ஃபோட்டான்களின் பங்கு, 1% கூட இல்லை. அடுத்த ஆண்டு சூரிச்சில் மக்சிம் கோவலென்கோவின் குழு சீசியம் காரீய ஹாலைடு நானோ படிகங்களைக் கரைசலில் வளர்த்துக் காட்டியது. ஹாலைடுகளின் விகிதத்தையும் படிகத்தின் அளவையும் மாற்றினால் ஊதா முதல் சிவப்புவரை எந்த நிறத்தையும் எடுக்கலாம். உமிழ்வின் அகலம் 12 முதல் 42 நானோமீட்டர். குவாண்டம் திறன் 90% வரை. ஒரு குடுவைக் கரைசலில் இந்த அளவு தூய நிறம் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் இந்த வெற்றியிலிருந்து எடுக்கப்பட்ட முடிவில்தான் பிழை இருக்கிறது. பொருளைச் சீராக்கியபோதெல்லாம் வெளிச்சம் கூடியது என்பதால், வெளிச்சம் முழுக்கப் பொருளின் குணம் என்று ஆகிவிடாது.

இது தவறு என்று காட்டும் சான்று பெரோவ்ஸ்கைட்டைவிடப் பழையது. எட்வர்ட் பர்செல் 1946-இல் ஃபிசிக்கல் ரிவ்யூ இதழில் ஒரு பத்தி அளவேயான குறிப்பு ஒன்றை வெளியிட்டார். கிளர்ந்த நிலையில் இருக்கும் ஓர் அமைப்பு தன் ஆற்றலை வெளியிடும் வேகம், அது எந்தக் குழிக்குள் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும் என்பது அதன் சாரம். 1960-களில் கார்ல் ஹைன்ஸ் டிரெக்ஸ்ஹாகே இதை ஒளியிலேயே கண்முன் காட்டினார். ஓர் உலோக ஆடியின் மேல் கொழுப்பு அமில மூலக்கூறுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றை மூலக்கூறு அடுக்குகளாகப் படியவைத்து, அதற்கு மேலே யூரோப்பியம் சேர்மத்தின் மெல்லிய அடுக்கு ஒன்றை வைத்தார். இடையில் இருக்கும் அடுக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட, யூரோப்பியம் ஒளிர்ந்து அணையும் நேரம் ஒரு முறை கூடி, ஒரு முறை குறைந்து, அலை போல ஏறி இறங்கியது. யூரோப்பியத்தை யாரும் தொடவில்லை. அதன் வேதியியல் இம்மியும் மாறவில்லை. ஆடிக்கும் அதற்கும் உள்ள தூரம் மட்டுமே மாறியது. ஏரியில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் அது மடை வழியாகத்தான் பாய வேண்டும். ஒளிக்கும் அப்படியே. கிளர்ந்த அணு ஒரு ஃபோட்டானை வெளிவிட வேண்டுமானால், அந்த அலைநீளத்தில், அந்தத் திசையில், ஒளி போவதற்கு வழி இருக்க வேண்டும். வழிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது சுற்றுப்புறம். 1987-இல் எலி யாப்லோனோவிச்சும் சஜீவ் ஜானும் தனித்தனியே முன்வைத்த ஒளிப்படிகம் என்ற கருத்தின் வேரும் இதுதான். யாப்லோனோவிச்சின் கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வியே, திண்மப் பொருளுக்குள் தன்னிச்சை உமிழ்வைத் தடுத்து நிறுத்துவது எப்படி என்பதாகும். அவர் வேறு பொருளைத் தேடவில்லை. பொருளைச் சுற்றி என்ன வைக்கலாம் என்று தேடினார். இன்னொன்றையும் கவனியுங்கள்: டிரெக்ஸ்ஹாகே தூரத்தை அளந்து வைத்தது கரிம மூலக்கூறுகளின் மென்மையான அடுக்குகளைக் கொண்டு. ஒளியை ஆள்வதற்குக் கடினமான ஆக்சைடுதான் வேண்டும் என்ற எண்ணம் அன்றே பொய்த்துவிட்டது.

பெரோவ்ஸ்கைட்டில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அதன் ஒளிவிலகல் எண் 2-லிருந்து 2.5 வரை. 2.4 என்று வைத்துக்கொண்டால், படலத்துக்குள் பிறந்த ஒளியில் செங்குத்திலிருந்து சுமார் 25 பாகைக்குள் வந்து மேற்பரப்பைத் தொடுவது மட்டுமே காற்றுக்குத் தப்பும். மற்றதெல்லாம் முழு அக எதிரொளிப்பில் திரும்பி உள்ளேயே ஓடும். தடித்த, சீரான ஒரு படலத்தை எடுத்துக் கணக்குப் போட்டால், பின்பக்கம் நல்ல ஆடி ஒன்றை வைத்தாலும் முதல் முயற்சியில் வெளியேறுவது 9% அளவுதான். உண்மையான கருவிகளில் படலம் மிக மெல்லியது என்பதால் நிலைமை இதைவிடச் சற்று மேல். ஆனாலும் பெரும்பகுதி உள்ளேதான் சிக்கிக்கொள்கிறது. 2022-இல் சியோல் தேசியப் பல்கலைக்கழகக் குழு நேச்சர் இதழில் அறிவித்த பச்சை எல்இடியின் வெளிக் குவாண்டம் திறன் 28.9%. அருமையான சாதனை. பொருள் கிட்டத்தட்ட முழுத்திறனில் ஒளிரும் நிலைக்கு வந்துவிட்ட பிறகும் மீதி 71% எங்கே போனது என்று கேட்டால், அதன் பெரும்பங்குக்கு விடை வேதியியலில் கிடைக்காது. படிகத்துக்குள் உண்டான ஒளி கண்ணாடித் தட்டிலும் மின்முனையிலும் மெல்லிய படலங்களுக்கு இடையிலும் அடைபட்டு வெப்பமாகிப் போகிறது. நீல நிறத்தில் வேதியியல் இன்னும் பின்தங்கியே இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். பச்சையிலும் சிவப்பிலும் அந்தச் சாக்கு இனி செல்லாது.

வேதியியல் கட்சியினர் தங்கள் வெற்றியாகவே காட்டும் ஒரு நிகழ்வை இங்கே எடுத்துப் பார்க்கலாம். 2018-இல் பெரோவ்ஸ்கைட் எல்இடிகள் 20% என்ற எல்லையைத் தாண்டின. அவற்றுள் ஒன்று சீனாவின் நான்ஜிங் குழு செய்தது; திறன் 20.7%. கரைசலில் அமினோ அமிலம் ஒன்றைச் சேர்த்தார்கள், திறன் உயர்ந்தது என்று இதைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். கட்டுரையின் தலைப்பைப் பார்த்தாலே கதை வேறு என்று தெரியும்: தானாக உருவான, மைக்ரோமீட்டருக்கும் குறைந்த அளவுள்ள கட்டமைப்புகளைப் பற்றியது அது. சேர்க்கையால் படிகத்தின் குறைகள் குறைந்தது உண்மை. அதோடு, சீரான படலமாகப் படியாமல் பெரோவ்ஸ்கைட் சிறு சிறு தட்டுகளாகப் பிரிந்து நின்றது. தட்டுகளுக்கு இடையே குறைந்த ஒளிவிலகல் எண் கொண்ட கரிம அடுக்கு தானாகவே படிந்தது. அடைபட வேண்டிய ஒளியை அந்த மேடுபள்ளம் சிதறடித்து வெளியே தள்ளியது. அதாவது, புகழ்பெற்ற அந்தச் சாதனையில் ஒரு பங்கு ஒளிக் கட்டமைப்பின் சாதனை. அதிர்ஷ்டவசமாகத் தானே அமைந்த ஒரு கட்டமைப்பு இவ்வளவு செய்யுமானால், அளவெடுத்துக் கட்டிய கட்டமைப்பு என்ன செய்யும் என்று கேட்பதுதான் அடுத்த படியாக இருந்திருக்க வேண்டும். துறையின் கவனமோ சேர்க்கைப் பொருள்களின் பட்டியலை நீட்டுவதில் போயிற்று.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. உள்ளே சிக்கிய ஒளி வீணாவதில்லை; பெரோவ்ஸ்கைட்டே அதை மீண்டும் உறிஞ்சி மீண்டும் உமிழும்; ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தப்பும்; ஆகவே பொருள் மட்டும் தூய்மையாக இருந்தால் கடைசியில் எல்லாம் வெளியே வந்துவிடும் என்கிறார்கள். ஃபோட்டான் மறுசுழற்சி என்ற இந்த விளைவு உண்மையானது. இந்தப் பொருளில் அளந்தும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பொருளின் குவாண்டம் திறன் 90%, ஒரு முயற்சியில் தப்பும் பங்கு 10% என்று வையுங்கள். சிக்கிய ஒளி முழுவதையும் பெரோவ்ஸ்கைட்டே உறிஞ்சுகிறது, மின்முனைகள் எதையும் விழுங்குவதில்லை என்ற மிகத் தாராளமான அனுமானத்தோடு எல்லாச் சுற்றுகளையும் கூட்டினால் வெளியே வருவது 47%. வேதியியலாளர் பாடுபட்டுத் திறனை 95% ஆக்கினால் அது 66% ஆகும். பொருளை அப்படியே விட்டுவிட்டுத் தப்பும் பங்கை மட்டும் 30% ஆக்கினால் 73%. மின்முனைகள் ஒவ்வொரு சுற்றிலும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும் நிஜ உலகில், சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது இன்னும் அதிக லாபம். மறுசுழற்சி என்பது ஒளிக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு. முதல் வாய்ப்பிலேயே வெளியேறும் வழியைத் திறந்து வைப்பதற்கு அது மாற்றாகாது.

சரி, கட்டமைப்பு வேண்டும். ஆனால் பாலிமர் எதற்கு என்ற கேள்விக்கு வருவோம். ஏளனம் அதிகம் வருவது இங்கேதான். பல அடுக்கு ஆடி வேலை செய்வது எளிய விதியில்: ஒளிவிலகல் எண் கூடிய அடுக்கும் குறைந்த அடுக்கும் மாறி மாறி, ஒவ்வொன்றும் தனக்குள் கால் அலைநீளத் தடிமனில் அமைந்தால், ஒவ்வொரு எல்லையிலிருந்தும் திரும்பும் சிறு அலைகள் ஒத்துச் சேர்ந்து பெரிய எதிரொளிப்பாகின்றன. இரண்டு எண்களுக்கும் இடைவெளி எவ்வளவு பெரியதோ அவ்வளவு குறைந்த அடுக்குகள் போதும். டைட்டானியம் ஆக்சைடுக்கு 2.4, சிலிக்காவுக்கு 1.46. பாலிமர்களில் பாலிவினைல்கார்பசோலுக்கு 1.68, செல்லுலோஸ் அசிட்டேட்டுக்கு 1.48. இடைவெளி 0.2 மட்டுமே, இதை வைத்து என்ன செய்ய முடியும் என்று கேட்கிறார்கள். கண்ணாடித் தட்டின் மேல் 5 ஜோடி ஆக்சைடு அடுக்குகள் தரும் எதிரொளிப்பு சுமார் 98%. அதே 98%-ஐ 20 ஜோடி பாலிமர் அடுக்குகள் தருகின்றன. பச்சை ஒளிக்கு, 520 நானோமீட்டருக்கு, ஒரு ஜோடியின் தடிமன் 77-உம் 88-உம் சேர்ந்து 165 நானோமீட்டர். 20 ஜோடியும் சேர்ந்து 3.3 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இடப் பற்றாக்குறை என்று யாரும் சொல்ல முடியாது.

அப்போது அவர்கள் அகலத்தைப் பிடித்துக்கொள்வார்கள். இடைவெளி சிறிதானால் ஆடி எதிரொளிக்கும் நிறப்பட்டையும் குறுகிவிடும் என்பது உண்மை. மேலே சொன்ன பாலிமர் ஜோடிக்கு அது 520-ஐச் சுற்றி ஏறத்தாழ 42 நானோமீட்டர். கரிமச் சாயங்கள் பலவும் 60, 80 நானோமீட்டர் அகலத்துக்கு உமிழ்பவை. அவற்றின் ஒளியில் பாதி இந்தப் பட்டைக்கு வெளியே வழிந்துவிடும். பாலிமர் ஆடிகளைப் பற்றிய தாழ்வான எண்ணம் அத்தகைய உமிழிகளோடு சேர்த்துப் பார்த்தபோது நியாயமாகவே இருந்தது. பெரோவ்ஸ்கைட் அப்படி அல்ல. சீசியம் காரீய புரோமைடின் பச்சை உமிழ்வு சுமார் 20 நானோமீட்டர் அகலம். 42 நானோமீட்டர் பட்டைக்குள் அது முழுதாக உட்கார்ந்து, இரண்டு பக்கமும் இடம் மிஞ்சுகிறது. பெரிய இடைவெளி கொண்ட ஆக்சைடு ஆடி தரும் அகன்ற பட்டையின் பெரும்பகுதி இங்கே சும்மா கிடக்கும். ஆக, பெரோவ்ஸ்கைட்டின் தூய நிறம் என்று வேதியியலாளர்கள் பெருமையோடு சொல்லும் அதே குணம், பாலிமரின் குறை என்று சொல்லப்பட்டதைக் குறையில்லாமல் ஆக்கிவிடுகிறது. இந்த இரண்டு உண்மைகளும் தனித்தனியே எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காததுதான் இத்தனை நாள் நேர்ந்த தவறு.

சிறிய இடைவெளியில் கண்ணைப் பறிக்கும் நிறம் வருமா என்று இன்னும் சந்தேகப்படுகிறவர்கள் பொன்வண்டைப் பார்க்கலாம். தீப்பெட்டிக்குள் கருவேலந்தழை போட்டுப் பிள்ளைகள் வளர்க்கும் அந்த வண்டின் இறக்கைமூடியில் மின்னும் பச்சை, சாயத்தால் வந்ததில்லை. பொன்வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்த ஜப்பானிய இனமொன்றின் இறக்கைமூடியை ஆராய்ந்தபோது, கைட்டின் சார்ந்த அடுக்குகளும் மெலனின் நிறைந்த அடுக்குகளும் மாறி மாறி இருப்பது தெரிந்தது. அவற்றின் ஒளிவிலகல் எண்கள் 1.55, 1.7 அளவில். மேலே சொன்ன பாலிமர் ஜோடியின் இடைவெளியைவிட இது சற்றுக் குறைவுதான். கைட்டினும் பாலிமர்தான்; செல்லுலோஸ் அசிட்டேட்டின் தாய்ப்பொருளான செல்லுலோசுக்கு நெருங்கிய உறவு. உயிரோடு வளரும் பூச்சி எந்த வெற்றிட அறையும் இல்லாமல் இதைச் செய்துகொள்கிறது.

வெற்றிட அறை என்ற பேச்சு வந்ததால் செய்முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஆக்சைடு ஆடிக்கு வெற்றிடமும், பெரும்பாலும் சில நூறு பாகை வெப்பமும் அல்லது பிளாஸ்மாவும் வேண்டும். ஆடியின் மேல் பெரோவ்ஸ்கைட்டைப் பூசுவது எளிது. இரண்டு ஆடிகளுக்கு நடுவே அமையும் நுண்குழி ஒன்றை மூடுவதற்காகப் பெரோவ்ஸ்கைட்டின் மேல் ஆடியைக் கட்டும்போதுதான் அந்தச் சூடும் அயனிகளும் மென்மையான படிகத்தைத் தாக்கும். பாலிமர் ஆடிக்கு ஒரு சுழல்மேடை போதும். தட்டின் மேல் சில சொட்டுக் கரைசலை விட்டு நிமிடத்துக்குச் சில ஆயிரம் முறை சுழற்றினால், மிகுதி விளிம்பில் தெறித்து, கரைப்பான் ஆவியாகி, கண்ணுக்குத் தெரியாத படலம் தங்குகிறது. அதன் தடிமனைக் கரைசலின் செறிவும் சுழலும் வேகமும் முடிவு செய்யும். அடுத்த அடுக்கு முந்தையதைக் கரைத்துவிடக் கூடாது. அதனால் ஒன்றுக்கு டொலுவீன், மற்றதற்கு டைஅசிட்டோன் ஆல்கஹால் என்று ஒன்றின் கரைப்பான் மற்றதைத் தொடாதபடி தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் சில அடுக்குகளில் எதுவும் தெரியாது. அடுக்கு கூடக் கூடத் தட்டில் மெதுவாக நிறம் ஏறி, கடைசியில் உலோகம் போலப் பளபளக்கும். உலோகம் அதில் துளியும் கிடையாது. இத்தாலியின் ஜெனோவா பல்கலைக்கழகத்தில் தாவிதே கொமோரெத்தோவின் குழு இந்தக் கலையைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறது. மீத்தைல் அம்மோனியம் காரீய அயோடைடை முழுக்கப் பாலிமரால் ஆன நுண்குழிக்குள் வைத்து அதன் உமிழ்வைக் கட்டுப்படுத்தியதை அவர்களும் கூட்டாளிகளும் 2019-இல் நானோஸ்கேல் இதழில் வெளியிட்டார்கள்.

அந்தக் கட்டுரைக்கு முன்புவரை, இது நடக்காது என்பதற்குக் காட்டப்பட்ட முதல் காரணம் கரைப்பான்தான். பெரோவ்ஸ்கைட்டின் மூலப்பொருள்களைக் கரைக்கும் டைமீத்தைல் ஃபார்மமைடு, பாலிஸ்டைரீன் போன்ற பாலிமர்களையும் கரைத்துவிடும். அடியில் இருக்கும் ஆடி நாசமாகும். சிக்கல் உண்மையானது. ஆனால் அது கரைப்பானின் வரிசையைப் பற்றிய சிக்கல். இயற்கை விதி எதுவும் குறுக்கே நிற்கவில்லை. எதிர்ப்பக்கம் இதே வேதியியல் நமக்குச் சாதகமாக இருக்கிறது: பாலிமரைக் கரைக்கும் டொலுவீன், உருவாகிவிட்ட பெரோவ்ஸ்கைட் படலத்தைக் கரைப்பதில்லை. படிகத்தைச் சட்டென்று உறையவைப்பதற்காக ஆய்வகங்கள் அதே டொலுவீனைத்தான் படலத்தின் மேல் ஊற்றுகின்றன. ஆகவே மேல் ஆடியின் முதல் அடுக்கை நேராக அதன்மேலேயே பூசலாம். பாலிமர் மென்மையானது, காலத்துக்கு நிற்காது என்ற குறையையும் சொல்கிறார்கள். இந்த ஜோடியில் காலத்துக்கு நிற்காதது பெரோவ்ஸ்கைட்தான். ஈரம் பட்டால் கெடுவது அது. 2016-இல் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் யாஜி டாங்கின் குழு, பாலிஸ்டைரீன் போன்ற பாலிமர்களைக் கரைப்பானில் ஊதவைத்து, அதற்குள் பெரோவ்ஸ்கைட்டை வளர்த்து, மீண்டும் சுருங்கவைத்தது. படிகங்களைச் சுற்றிப் பாலிமர் இறுகிக்கொண்டதால் அந்தப் படலங்கள் தண்ணீருக்குள்ளும் ஒளிர்வதை நிறுத்தவில்லை. ஒளியை ஆளும் அதே பொருள் படிகத்துக்குக் குடையாகவும் இருக்க முடியும் என்றால், இரண்டுக்கும் தனித்தனி அடுக்கு எதற்கு?

இருபது ஜோடி அடுக்குகளை ஒவ்வொன்றாகச் சுழற்றிப் பூசுவது ஆய்வகத்துக்குச் சரி, தொழிற்சாலைக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்கு 1969-ஐ நினைவூட்ட வேண்டும். அந்த ஆண்டில் டௌ கெமிக்கல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆல்ஃப்ரேயும் கர்னியும் ஷ்ரெங்கும், வானவில் நிறம் காட்டும் பல அடுக்குப் பிளாஸ்டிக் படலங்களைப் பற்றி எழுதினார்கள். உருகிய இரண்டு பாலிமர்களை ஒரே அச்சு வழியாகத் தள்ளி நூற்றுக்கணக்கான அடுக்குகளை ஒரே ஓட்டத்தில் எடுக்கும் முறை அது. இன்று கையாளும் ஒரு வழியில், இரண்டடுக்கு ஓட்டத்தை நடுவில் பிளந்து ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் நான்கு. மறுபடி பிளந்தால் எட்டு. எட்டு முறை பிளந்தால் 512. பரோட்டா மாவை மடித்து மடித்து அடுக்கு ஏற்றுகிறவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2000-இல் மைக்கேல் வெபரும் 3எம் நிறுவனத்து சகாக்களும் சயன்ஸ் இதழில் இன்னொரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார்கள். சில பாலியெஸ்டர்களை இழுத்து நீட்டினால் மூலக்கூறுகள் ஒரு பக்கமாக வரிசைப்பட்டு, ஒளிவிலகல் எண் திசைக்குத் திசை மாறும். படலத்தின் தளத்தில் இரண்டு பாலிமர்களுக்கும் எண்ணில் இடைவெளி இருக்கும்படியும், தடிமன் திசையில் இரண்டும் ஒத்துப்போகும்படியும் அமைத்தால், சாய்வாக விழும் ஒளிக்கும் ஆடியின் எதிரொளிப்பு குன்றாது. வழக்கமான ஆக்சைடு ஆடி சாய்வான கோணங்களில் ஒரு வகை முனைவாக்க ஒளியைத் தப்பவிட்டுவிடும். அந்த ஓட்டையை அடைக்கும் திறன், இழுத்தால் நீளும் பாலிமரின் குணத்திலிருந்து வருகிறது. மென்மை என்று ஏசப்பட்ட அதே குணம்தான். அந்த வகைப் படலங்கள் எல்சிடி திரைகளின் பின்னொளிக்குள் பல ஆண்டுகளாக வேலை செய்து வருகின்றன. பெரோவ்ஸ்கைட்டுக்கு முதலில் சந்தை கிடைக்கக்கூடிய இடங்களில் ஒன்றும் அதே பின்னொளிதான்: நீல எல்இடியின் ஒளியை வாங்கித் தூய பச்சையாக மாற்றித் தரும் படலம். ஒரே அடுக்குக்கட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரப்போகின்றன. அவற்றைத் தனித்தனிக் கடையில் வாங்கி ஒட்டுவதா, சேர்த்து வடிவமைப்பதா என்பதே இப்போதைய கேள்வி.

எதிர்வாதங்களில் எனக்கு மதிப்பு உள்ள ஒன்று, இது வெறும் கண்கட்டு என்பது. நுண்குழி ஒரு திசையில் ஒளியைப் பெருக்கிக் காட்டுகிறது, ஆனால் வேறு திசைகளிலிருந்து எடுத்துத்தான் அங்கே கொடுக்கிறது. மொத்த ஃபோட்டான் எண்ணிக்கை கூடவில்லை என்கிறார்கள். பல கட்டுரைகள் நேர்த்திசையில் மட்டும் அளந்துவிட்டு இத்தனை மடங்கு பெருக்கம் என்று தலைப்பிடுவது உண்மை. அது சரியில்லை. பாலிமரால் செய்த தள நுண்குழி, உமிழ்வின் வேகத்தைப் பெரிதாக மாற்றாது என்பதும் உண்மை; பர்செல் சொன்ன பெரிய விளைவுக்கு, ஒளியை மூன்று திசையிலும் அலைநீள அளவுக்குள் அடைக்கும் குழி வேண்டும். ஆனாலும் முடிவு தவறு. பெரும்பங்கு ஒளி உள்ளே சிக்கிச் சாகும் ஒரு பொருளில், திசையை மாற்றுவதே மொத்தத்தை மாற்றுவதாகும். அடைபட்டு வெப்பமாக வேண்டிய ஃபோட்டான், 25 பாகைக் கூம்புக்குள் திருப்பப்பட்டால் வெளியே வருகிறது. லேசர் விஷயத்தில் இது இன்னும் வெளிப்படை. 2014-இல் கேம்பிரிட்ஜ் குழு பெரோவ்ஸ்கைட்டிலிருந்து லேசர் ஒளி எடுத்தபோது படலத்தை ஒரு பல அடுக்கு ஆடிக்கும் பொன் ஆடிக்கும் இடையே வைத்தது. இரண்டு ஆடிகளுக்கு நடுவே ஒளி போய்வரும் அந்தக் குழி இல்லாமல் லேசரே கிடையாது. பின்னர் பாலிமர் அச்சில் பதித்த வரிப்பள்ளங்களின் மேல் பெரோவ்ஸ்கைட்டைப் படியவைத்தும், பாலிஸ்டைரீன் உருண்டைகளை ஒழுங்காக அடுக்கி, இடைவெளியில் பெரோவ்ஸ்கைட்டை நிரப்பி, பிறகு உருண்டைகளைக் கரைத்து எடுத்தும் லேசர் செய்திருக்கிறார்கள். இந்த இரண்டிலும் ஒளிக்கு வழி வகுத்தது பாலிமர்.

பார்க்கும் கோணத்துக்குக் கோணம் நிறம் நீலப்பக்கம் நகரும் என்ற குறையை நான் மறுக்கவில்லை; கால் அலைநீள அடுக்குகளின் இயல்பு அது. எல்லாப் பக்கமிருந்தும் ஒரே நிறம் தெரிய வேண்டிய தொலைக்காட்சியில் குறுகிய நுண்குழியை வைப்பது பொருந்தாது. அங்கே குழியை விட்டுவிட்டு, பின்பக்கம் அகன்ற பட்டை ஆடியும் முன்பக்கம் சிதறடிக்கும் மேற்பரப்பும் போதும். இரண்டையும் பாலிமரிலேயே செய்யலாம். ஒரு திசைக்கு ஒளி அனுப்ப வேண்டிய ஒளித்தொடர்பிலும் உணரிகளிலும் அதே குணம்தான் தேவை. பாலிமர் ஆடிகள் மின்சாரத்தைக் கடத்தாதவை, ஆகவே எல்இடியின் மின்முனைகளுக்கு இடையே வைக்க முடியாது என்பது மற்றொரு உண்மை. இதற்கு முழு விடை இன்று கையில் இல்லை. ஒளி ஊடுருவும் மின்முனைக்கு வெளியே ஆடியை வைப்பது பாதி வழி. இடையில் இருக்கும் மின்முனை தன் பங்குக்கு ஒளியை விழுங்கத்தான் செய்யும். ஆனால் நிறம் மாற்றும் படலங்களுக்கும், ஒளியால் தூண்டப்படும் லேசர்களுக்கும் மின்சாரம் ஓடும் அடுக்கு தேவையே இல்லை. முதல் பயன்பாடுகள் அங்கிருந்து தொடங்கட்டும். எல்இடியில் சிரமம் இருப்பதைக் காட்டி முழு அணுகுமுறையையும் ஒதுக்குவது நியாயமல்ல.

நடைமுறையில் நான் கேட்பது சில மாற்றங்கள்தான். பெரோவ்ஸ்கைட் உமிழியைப் பற்றிய ஒவ்வொரு அறிவிப்பிலும் குவாண்டம் திறன் என்ற ஒற்றை எண்ணோடு, ஒளி எந்தக் கோணத்துக்கு எவ்வளவு போகிறது என்ற வரைபடமும், அடியிலும் மேலும் இருக்கும் அடுக்குகளின் தடிமனும் ஒளிவிலகல் எண்ணும் வெளியாக வேண்டும். நுண்குழியில் பெருக்கம் கண்டதாகச் சொல்பவர்கள் எல்லாக் கோணங்களையும் கூட்டிய மொத்தத்தையும் தர வேண்டும். புதிய சேர்க்கைப் பொருள் திறனை உயர்த்தியது என்று சொல்பவர்கள், படலத்தின் மேடுபள்ளம் மாறியதால் வந்த பங்கையும் வேதியியலால் வந்த பங்கையும் பிரித்துக் காட்ட வேண்டும். ஆடியின் அடுக்குகளைக் கணக்கிடும் வேலை, படிகத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே தொடங்க வேண்டும். 520-இல் 20 நானோமீட்டர் அகலத்துக்கு உமிழும் படிகத்தைத் தேர்ந்தவுடனேயே, 77-உம் 88-உம் தடிமனில் எந்த இரண்டு பாலிமர்கள், எந்த இரண்டு கரைப்பான்கள் என்ற கேள்வியும் அதே மேசைக்கு வந்துவிட வேண்டும்.